ஊர்வலம் முடிந்ததும் யார் வீட்டுக்குப் போகிறார்கள்?

ஜூலை 6, காலை (ஒரு நண்பர் போட்டது)

"நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின ஊர்வலத்தில் பார்த்தேன். முக்கோணத் தொப்பி, முழங்கால் வரை கால்சட்டை, கையில் ஃபைஃப் என்கிற குட்டி மரக் குழல், தோளில் கயிறு கட்டிய டிரம். வெள்ளைக்காரத் தாத்தாக்களின் மாறுவேடப் போட்டி என்றுதான் எனக்குப் பட்டது. ஒரே பாட்டைக் காது கிழிய ஊதிவிட்டு, ஊர்வலம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதைப் பாரம்பரியம், சமூகம் என்றெல்லாம் பெரிதாகப் பேசுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூலை 6, இரவு

காது கிழியும் என்பது உண்மை. வாசிக்கிறவர்களே காதடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள், வைக்காத பழைய ஆட்களிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள் என்றீர்களே, அதுதான் இல்லை. யாரும் போவதில்லை. மகளை ஃபைஃப் பயிற்சிக்குக் கொண்டுவிடப் போய், கொடி பிடிக்க ஆள் குறைகிறது என்று இழுத்துவிடப்பட்டவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: இவர்களுக்கு ஊர்வலம் ஒரு சாக்கு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர் என்று ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்று. மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தொடாது. ஜூலை மூன்றாம் சனிக்கிழமை அங்கே மஸ்டர் நடக்கும். கோர் என்பது ஃபைஃபும் டிரம்மும் வாசிக்கும் ஊர்க் குழு. மஸ்டர் என்றால் கோர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடுவது. பல மாநிலங்களிலிருந்தும், சில வருடம் சுவிட்சர்லாந்திலிருந்தும் வருவார்கள். வெள்ளி மாலையே கூடாரம் அடித்தாகிவிடும். சனிக்கிழமை மெயின் ஸ்ட்ரீட் வழியாக ஊர்வலம் போய் டெவிட் ஃபீல்டு மைதானத்தில் முடியும். அங்கே ஒவ்வொரு கோரும் சில நிமிடம் வாசித்துவிட்டு இறங்கும். நீங்கள் பார்த்தது இதுவரைதான் இருக்கும்.

அப்புறம்தான் ஜாலிஃபிகேஷன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான், நான் கிண்டல் செய்யவில்லை. கோட்டைக் கழற்றிக் கூடாரக் கயிற்றில் மாட்டிவிட்டு வட்டமாக நிற்பார்கள். யாராவது ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் குழலைத் தாழ்த்திவிட்டுக் கேட்பார்கள். எந்த கோர், எந்த ஊர், என்ன வயது என்று ஒருவரும் கேட்பதில்லை. இருட்டியும் ஓயாது.

ஜூலை 7

'போர் வெறி' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். சரி, வேர் ராணுவத்தில்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 1792இன் அமெரிக்க மிலிஷியா (ஊர்ப்படை) சட்டப்படி ஒவ்வொரு படைக் கம்பெனியிலும் ஒரு டிரம்காரரும், ஒரு ஃபைஃப்காரரோ பியூகிள் (ஊதுகொம்பு) ஊதுபவரோ இருந்தாக வேண்டியிருந்தது. எழு, சாப்பிடு, கூடு, விளக்கை அணை, இப்படி முகாமின் நாள் முழுவதும் இந்த இரண்டு கருவிகளால்தான் ஓடியது. துப்பாக்கிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் ஒன்று மிக உச்சத்தில் இருக்க வேண்டும், மற்றது நெஞ்சில் இடிக்க வேண்டும். ஃபைஃப் ஏன் அப்படிக் கீச்சிடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். ஆறு துளை, சாவி (துளையை மூடும் உலோக விசை) கிடையாது, வாசிப்பதோ பெரும்பாலும் மேல் இரண்டு ஸ்தாயிகளில்.

பியூகிள் வந்த பிறகு ராணுவத்துக்கு இவர்கள் தேவைப்படவில்லை. ஊர்களுக்குத் தேவைப்பட்டார்கள். கிழக்கு ஹாடத்தைச் சேர்ந்த மூடஸ் கோர் 1860லிருந்து இருக்கிறது. ஸ்டோனி கிரீக் 1886, லான்கிராஃப்ட் 1888. மட்டடக் டிரம் பேண்டு தங்கள் வயதை 1767லிருந்து கணக்கிடுகிறது, நாடு பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால். நூறு வருடங்களுக்கு மேல் போர்க்களம் பார்க்காத போர் இசை இது. தீயணைப்பு நிலைய விழா, சர்ச் விருந்து, இறுதி ஊர்வலம், மே கடைசித் திங்களில் வரும் நினைவு நாள், இவைதான் இதன் போர்க்களம்.

ஜூலை 7, பிற்பகல்

மேலே ஒன்று சேர்க்க வேண்டும். போர்க் காட்சிகளை மறுபடி நடித்துக் காட்டும் குழுக்கள் வேறு, கோர்கள் வேறு. அவர்களில் சிலர், பொத்தான் எலும்பா பித்தளையா, தையல் கையா மிஷினா என்று குனிந்து பார்க்கிற ரகம். கோர்காரர்கள் அதில் இவ்வளவு கறார் இல்லை. எங்கள் வரிசையில் கறுப்பு ஸ்னீக்கர் போட்டவர்கள் உண்டு. நூலிழை பார்க்கும் ஆட்கள் வந்தால் அந்த ஸ்னீக்கர்காரர்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொல்வோம். 'நாங்கள் வாத்தியக்காரர்கள், சிப்பாய் வேஷம் போடுபவர்கள் அல்ல' என்பது இவர்கள் அடிக்கடி சொல்வது.

ஜூலை 9

அம்மாவுக்கு வீடியோ காலில் உடையோடு காட்டினேன். "என்னடா இது, ராஜபார்ட்டா?" என்றார். இல்லைம்மா, கொடி பிடிக்கிறவன் என்றேன். "அதுக்கா இவ்வளவு படிச்சே?"

அந்தக் கொடி பற்றி ஒரு கிளைக் கதை. எனக்குக் கொடுத்தது கிராண்ட் யூனியன் கொடி. 1777இல் நட்சத்திரக் கொடி சட்டமாவதற்கு முன் கலகக்காரர்கள் பிடித்தது. பதின்மூன்று சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மூலையில் பிரிட்டனின் யூனியன் சின்னம். அதை விரித்ததும் எங்கோ பார்த்தோமே என்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி! அதிலும் இதே பட்டைகள், மூலையில் அதே சின்னம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆங்கிலேயனை எதிர்த்து எழுந்தவர்களின் கொடி என்று சொல்லி, நம் ஊரை விலைக்கு வாங்கிய கம்பெனியின் கொடி போலவே இருப்பதைத் தூக்கிக்கொண்டு, ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டோடு நடக்கிறேன். கோரை முன்னால் நின்று நடத்தும் டிரம் மேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வேண்டுமானால் கனெக்டிகட் கொடியை மாற்றிக்கொள் என்றார். மாற்றவில்லை. சொல்ல ஒரு கதை இருக்கிறதே.

ஜூலை 11

'ஒரே பாட்டு' என்ற குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறது. கேட்டுப் பழகாத காதுக்கு ஒரே பாட்டுதான். எனக்கும் முதல் கோடை முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஓர் ஊர்க்காரர்கள் வாசிக்கும் வேகத்தைக் கேட்டே எந்த கோர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூடஸ்காரர்கள் பெரிய டிரம், நிதான நடை. ஏன்ஷியன்ட் என்று சொல்லிக்கொள்ளும் பாணி முழுவதுமே மெதுவானது. கயிறு முறுக்கிய ஆழமான மர டிரம், சாவியில்லாத ஃபைஃப், அவ்வளவுதான் வாத்தியம். உலோகத் திருகு டிரம்மும் பியூகிளும் கொண்டு வேகமாகப் போகும் மாடர்ன் கோர்கள் தனி.

இந்த டிரம்மைக் கிட்ட இருந்து பாருங்கள். மேலும் கீழும் மரவளையம், நடுவே இங்கும் அங்குமாகப் போய்வரும் கயிறு, இரண்டிரண்டு கயிற்றைச் சேர்த்துப் பிடிக்கும் தோல் காது. ஈரப்பதம் ஏறினால் கன்றுத் தோல் தளர்ந்துவிடும். ஜூலையில் இந்த ஊரில் காற்றையே பிழியலாம். டிரம்காரர் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொரு காதாகக் கீழே இழுத்து, ஒரு சுற்று வந்து, தட்டிப் பார்த்து, மறுபடியும் இழுப்பார். சத்தம் 'தொப்' பிலிருந்து 'டப்' புக்கு ஏறும். வேலை முடிந்ததும் காதுகளை மேலே தள்ளித் தளர்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போவார். பிளாஸ்டிக் தோல் போட்டவர்களுக்கு இந்தப் பாடு பெரிதாக இல்லை. அவர்கள் முதலில் போய்ச் சாப்பாட்டில் பெரிய துண்டுகளை எடுத்துக்கொள்வார்கள் என்பது தோல்காரர்களின் நிரந்தரப் புகார்.

அடிகளுக்கு வாயில் சொல்லும் பெயர்கள் உண்டு. ஃப்ளாம், பாராடிடில், ராட்டமாக்யூ. தவில் சொற்கட்டு போல, பெயரைச் சொன்னாலே கை எப்படிப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். 1933இல் சிகாகோவில் கூடிய டிரம்காரர்கள் 26 அடிகளைப் பட்டியலிட்டு வைத்தார்கள். லான்கிராஃப்டின் பர்ன்ஸ் மூர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இன்றைக்கும் பள்ளி பேண்டுகளில் டிரம் படிக்கும் பிள்ளைகள் அந்த அடிகளில்தான் தொடங்குகிறார்கள்.

ஜூலை 12

மகள் ஃபைஃப் எப்படிக் கற்றாள் என்று கேட்டவருக்கு.

முதலில் கற்கவே இல்லை. வாரக்கணக்கில் வெறும் காற்றுதான். ஊதி ஊதித் தலை சுற்றும், உட்காருவாள், மறுபடி ஊதுவாள். பள்ளியில் புல்லாங்குழல் ஆசிரியை ஒருவர் உதட்டு அமைப்புப் படம் எல்லாம் கொடுத்தார், பலனில்லை. கோரில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவர் எதுவும் விளக்கவில்லை. குழலை உதட்டில் ஒட்டி, கொஞ்சம் வெளிப்பக்கம் உருட்டச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப, தூங்கி வழியும் வேகத்தில் வாசித்தார். அவள் விரலைப் பார்த்து விரல் வைத்தாள். ஒரு நாள் திடீரென்று நாய் ஊளையிடும்படி ஒரு சத்தம் வந்தது. ஹாலில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இசைக்குறிப்புத் தாள் பார்த்துப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வட்டத்தில் நிற்கும்போது தாள் கூடாது. எனவே எல்லாம் தலைக்குள் போயாக வேண்டும்.

இதில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. அந்தப் பெரியவரை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோரில் எல்லாரும் அப்படித்தான். அம்மாவுக்கு இது தாங்கவில்லை. "தாத்தான்னு கூப்பிடச் சொல்லு." அவரிடம் கேட்டேன். தாத்தா என்றால் என்ன என்று விசாரித்துவிட்டு, தனக்கு ஏற்கெனவே பேரன் பேத்திகள் இருப்பதாகவும் இங்கே தான் இரண்டாம் ஃபைஃப் மட்டுமே என்றும் சொன்னார். இதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஜூலை 22

மஸ்டர் முடிந்து தூக்கம் இன்னும் சரியாகவில்லை. சில குறிப்புகள் மட்டும்.

ஊர்வலத்தின் கடைசியில் எஃப் ட்ரூப் என்று ஒரு கூட்டம் வரும். அன்றைக்குத் தன் கோர் வராதவர்கள், கோர் கலைந்துபோனவர்கள், கோரில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள், சும்மா வந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோட்டு, பக்கத்தில் டி-ஷர்ட். எல்லா ஊர் ஆட்களும் கலந்திருப்பதால், எல்லாருக்கும் தெரிந்த மெட்டுதான் வாசிக்க முடியும். சத்தம் மட்டும் எந்த கோருக்கும் குறைந்ததில்லை. என் மகள் அடுத்த வருடம் எங்களை விட்டுவிட்டு அதில்தான் நடக்கப் போவதாக அறிவித்திருக்கிறாள்.

இரவு வட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு மெட்டைத் தொடங்கினான். அவன் பிடித்த வேகம் அநியாயம். பெரியவர்களில் பாதிப் பேர் திணறி நிறுத்திவிட்டார்கள். மிச்சப் பேர் விடவில்லை. மூன்றாம் சுற்றில் பேஸ் டிரம்காரம்மா இரண்டு பக்கமும் அடித்தபடி அவனை உறுத்துப் பார்த்தார். பையனுக்குப் புரிந்தது, வேகம் குறைந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இசை வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் ஆகும்.

பீர் உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உண்டு. சிறுவர் கோர்களுக்குத் தனி விதிகள், கூடவே பெற்றோர் காவல். பெரியவர்கள் பக்கம் போவதற்கு முன்பு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடுவது நல்லது, ஆனால் அந்தச் சத்தத்தில் எங்கே தூங்குவது.

ஜூலை 24

எல்லாம் தேனும் பாலும் என்று நான் எழுதுவதாக ஒருவர் குத்தியிருக்கிறார். சரி, கசப்பையும் எழுதுகிறேன்.

கோர் என்பது சின்ன ஊர்ச் சங்கம். சின்ன ஊர்ச் சங்கத்தில் நடப்பதெல்லாம் நடக்கும். நாங்கள் சேருவதற்கு முன்பு ஒரு கோரில் டிரம் சொல்லிக்கொடுத்தவர் கோபித்துக்கொண்டு போக, டிரம்காரர்களில் பாதிப் பேர் அவரோடு போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஃபைஃப்காரர்கள் ஒரு வருடம் ஒற்றை டிரம்மோடு நடந்தார்கள். காரணம் என்ன என்றால், ஒரு மெட்டின் இரண்டாம் பகுதியை எந்த வேகத்தில் அடிப்பது என்பது! இன்னும் அந்த இரண்டு குடும்பங்களும் பேசுவதில்லை. மஸ்டரில் ஒரே வட்டத்தில் நிற்பார்கள், எதிரெதிரே.

பணமும் சண்டைதான். ஊர்களும் தீயணைப்பு நிலையங்களும் நடப்பதற்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். உடை, வாத்தியம், பஸ் எல்லாம் அதிலிருந்துதான். நினைவு நாளில் காலையிலிருந்து இரண்டு மூன்று ஊர்களில் நடந்து பணம் சேர்ப்போம், பிள்ளைகள் துவண்டுவிடும். 'பணத்துக்கு நடப்பதா, ஆசைக்கு வாசிப்பதா' என்று ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் அதே வாதம், அதே ஆட்கள்.

ஆள் குறைவதும் உண்மை. 1976இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு வந்தபோது ஊருக்கு ஊர் புதிய கோர்கள் முளைத்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது. பின்னால் வந்தவர்கள் குறைவு. சாக்கர் பயிற்சி சனிக்கிழமை காலையில் வைக்கிறார்கள், அதோடு போட்டியிட முடியாது.

ஜூலை 25

கோர்களில் பெண்கள் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பல பழைய கோர்கள் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை ஆண்களுக்கு மட்டுமாக இருந்தன. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் 1958இல் தொடங்கிய புகழ்பெற்ற சிறுவர் கோர், பெண் பிள்ளைகளைச் சேர்த்தது 1999இல்தான். 'அந்தக் காலத்தில் பெண்கள் வாசிக்கவில்லை' என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காலத்தில் கண் கண்ணாடியும் பல்லுக்குக் கம்பியும்கூடப் பையன்களுக்கு இல்லை. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

கனெக்டிகட்டில் சிறுவர் கோர்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டன. பிள்ளைகள் போதாதபோது கொள்கை தானாகத் தளரும்.

ஜூலை 30

நண்பரின் முதல் வரிக்குத் திரும்புகிறேன்: 'வெள்ளைக்காரத் தாத்தாக்கள்'. எங்கள் வரிசையைப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மை. நானும் மகளும் புகைப்படத்தில் பளிச்சென்று தெரிகிறோம். ஆனால் ஃபைஃபின் கதை முழுக்க வெள்ளை இல்லை.

மாசசூசெட்ஸின் பார்சிலாய் லூ சுதந்திரமான கறுப்பினத்தவர், 1775இல் பங்கர் ஹில் போரில் இருந்த ஃபைஃப்காரர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் கறுப்பின ஃபைஃப், டிரம்காரர்கள் பல ரெஜிமெண்டுகளில் இருந்தார்கள்.

இதைவிட முக்கியம் தெற்கே, வடக்கு மிசிசிப்பி. அங்கே ஃபைஃப்–டிரம் ஊர்வலத்துக்கு அல்ல, பிக்னிக்குக்கு. அதாவது ஆட்டுக்கறி விருந்து. கோடைக் கடைசியில் ஒரு தோட்டத்தில் ஆட்டைத் தீயில் வாட்டி, கூட்டம் கூடி, புழுதி பறக்க ஆடுவார்கள். நடுவே ஃபைஃப்காரர், பின்னால் இரண்டு மூன்று டிரம், அவர்களைச் சுற்றிக் கூட்டம் இடுப்பை அசைத்துக்கொண்டு நகரும். செனடோபியா பக்கத்தில் கிராவல் ஸ்பிரிங்ஸில் ஓத்தா டர்னர் என்ற விவசாயி பல பத்தாண்டுகள் இதை நடத்தினார். குழலை அவரே செய்வார். ஆற்றோர நாணலை வெட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளை சுட்டு எடுப்பார். 2003 பிப்ரவரியில் அவர் இறந்தார், அன்றைக்கே அவருடைய மகள் பெர்னிஸும் இறந்தார். இரண்டு உடல்களுக்கும் முன்னால் ஃபைஃப் ஊதி நடந்தது பேத்தி ஷார்டே, பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த பெண். அவர் இப்போதும் அந்தக் குழுவை நடத்துகிறார்.

அங்கே தாளம் கனெக்டிகட்டின் அடிப் பட்டியலுக்குள் அடங்காது. ராணுவ மெட்டை எடுத்து ஆட்டத்துக்கு வளைத்துவிட்டார்கள். எங்கள் டிரம் ஆசிரியர் ஒரு பதிவைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், "இதை எழுத முடியாது" என்றார். என்னைக் கேட்டால் ஃபைஃபுக்கு அமெரிக்காவில் கிடைத்த நல்ல வாழ்க்கை அதுதான். நாங்கள் இன்னும் காலை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 3

மேலே கடைசி வரிக்கு எங்கள் கோர் ஆள் ஒருவர் (மகள் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள், நல்ல காரியம் செய்தாள்) ஆட்சேபம் தெரிவித்தார். கால் எண்ணுவது குறையல்ல, அறுபது பேர் ஒரே நேரத்தில் ஒரே அடியில் இடது காலை வைப்பதும் ஓர் ஆட்டம்தான் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆட்டுக்கறி எங்களிடம் இல்லை. எங்களிடம் ஹாட் டாக்.

ஆகஸ்ட் 18

ஐவரிடன் போய் வந்தோம். டீப் ரிவருக்குப் பக்கத்து ஊர். பெயரில் இருப்பது தந்தம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க யானைத் தந்தம் கப்பல் கப்பலாக இந்த இரண்டு ஊர்களுக்கும் வந்து பியானோ கட்டையாகப் போனது. அங்கேதான் கோர்களின் கூட்டமைப்பான 'கம்பெனி ஆஃப் ஃபைஃபர்ஸ் அண்ட் டிரம்மர்ஸ்' அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. 1965இல் தொடங்கிய அமைப்பு.

பழைய கோர்களின் உடைகள், கழுகு வரைந்த டிரம்கள், அழிந்துபோன குழுக்களின் பதக்கங்கள். பதக்கம் என்றதும் ஒரு விஷயம். 1885இல் மாநிலச் சங்கம் தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் கோர்களின் வாழ்க்கை போட்டிதான். நடுவர்கள் தாளோடு நின்று தப்பைக் குறிப்பார்கள். அதில் சலித்தவர்கள்தான் 1950களில் மதிப்பெண் இல்லாத மஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் ஜெயிக்காத கூட்டம் என்பதால்தான் எதிரி ஊர்க்காரனோடு ராத்திரி நின்று வாசிக்க முடிகிறது. போட்டி இருந்த காலத்தில் நல்ல மெட்டை அடுத்த கோருக்குக் காட்டாமல் ஒளித்துவைப்பார்களாம். இப்போது ஒளிப்பதற்கு வழியே இல்லை, பத்து ஃபோன் பதிவு செய்கிறது.

மகள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, இத்தனை பெரிய டிரம்மை யார் தூக்கினார்கள் என்று கேட்டாள். காவலுக்கு இருந்த அம்மையார், "என் புருஷன்" என்றார்.

பிப்ரவரி, கடைசி வாரம்

இந்த இழையைத் தோண்டி எடுப்பதற்குக் காரணம் பாசல். எங்கள் கோரிலிருந்து இருவர் கிளம்பிப் போகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஃபாஸ்னாக்ட் என்று ஒரு கார்னிவல் திருவிழா. சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள், விடிகாலை நாலு மணிக்கு ஊர் விளக்குகள் அத்தனையும் அணையும். ஒரு கட்டளை, உடனே நகரம் முழுக்க டிரம்மும் பிக்கோலோ என்கிற குட்டிக் குழலும். அடுத்த வியாழன் காலை நாலு வரை, 72 மணி நேரம். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் நமக்கு வேண்டியது அந்த மூன்று நாள் அல்ல, மிச்ச 362 நாள். அங்கே கிளிக் என்று சொல்லும் குழுக்கள். பிள்ளைகளுக்கு இளங்காவல், பெரியவர்களுக்கு மூலக்குழு, கால் தளர்ந்தால் முதுகாவல். எட்டு வயதில் உள்ளே போனவர் எண்பதிலும் அதே கிளிக்கில் இருப்பார். பழைய நகரத்தின் நிலவறைகளில் அவர்களுக்கென்று சொந்தச் சாப்பாட்டுக் கூடங்கள். மாவு சூப்பும், வெங்காயம் வைத்துச் சுட்ட டார்ட் என்கிற பண்டமும்.

கனெக்டிகட்டுக்கும் பாசலுக்கும் பல பத்தாண்டுகளாகப் போக்குவரத்து. மாலுமி உடையில் வாசிக்கும் ஏன்ஷியன்ட் மரினர்ஸ் அங்கே போய் வந்த உறவில், பாசலில் ஸ்விஸ் மரினர்ஸ் என்று ஒரு கோரே இருக்கிறது. அமெரிக்க மெட்டு வாசிக்கும் சுவிஸ்காரர்கள். டீப் ரிவர் வட்டத்தில் அவர்கள் நின்றால் மொழி ஒரு பிரச்சினையே இல்லை, டிரம் தொழில்நுட்பத்தில் மட்டும் நம் ஆட்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள்.

போகிறவர்களிடம் மகள் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறாள். முகமூடி, சாக்லேட், அப்புறம் ஒரு மெட்டு, பதிவு செய்து அல்ல, வாசிக்கப் பழகிக்கொண்டு வர வேண்டும்.

மார்ச் 4

மகனை கோரில் சேர்க்கலாமா என்று நேற்று கேட்ட அம்மாவுக்கு (மகனுக்கு ஒன்பது வயது, நியூ ஹேவன் பக்கம்): தாராளமாகச் சேர்க்கலாம். முன்பணம் கட்டி வாத்தியம் வாங்கவேண்டாம், பெரும்பாலான சிறுவர் கோர்கள் உடையும் வாத்தியமும் இரவல் தருவார்கள். டிரம் என்றால் முதலில் ரப்பர் பலகைதான் கிடைக்கும், நிஜ டிரம் வர மாதங்கள் ஆகும், பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயிற்சி வாரம் ஒரு மாலை, சர்ச் ஹாலிலோ தீயணைப்பு நிலையத்திலோ இருக்கும். முதல் நாள் கதவருகே நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடுவார்கள். காதடைப்பான் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒன்று. உயரம் ஐந்தரை அடிக்கு மேல் என்றால் வாயைத் திறக்காதீர்கள், எங்களுக்கு இன்னும் கொடி பிடிக்க ஒருவர் குறைகிறது.